அல்கரோபா: மரம் ஆண், காய் பெண்

அல்கரோபோ என்றால் மரம். அல்கரோபா என்றால் அந்த மரத்தின் காய். ஸ்பானிய மொழியில் மரம் ஆண்பால், காய் பெண்பால். இந்த ஒரு சொல்லில் மட்டுமல்ல, ஆப்பிள் மரம் மன்சானோ, அதன் பழம் மன்சானா. ஆரஞ்சு மரம் நரன்ஹோ, பழம் நரன்ஹா. அத்தியைப் போலச் சில விலக்குகள் உண்டு. ஆனாலும் பொதுவழக்கு இதுதான்: நிலத்தில் ஊன்றி நிற்பது அவன், காய்த்து, உதிர்ந்து, பொறுக்கப்பட்டு, இடிக்கப்பட்டு, உணவாவது அவள்.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்துக்காரி நான். எனக்கு இந்தச் சொல்லோடு என்ன உறவு என்று கேட்கலாம். தென்னமெரிக்காவின் வறண்ட கரைகளில் அல்கரோபோ என்று அழைக்கப்படும் மரங்களும் எங்கள் ஊர்க் கண்மாயிலும் தரிசிலும் சாலையோரத்திலும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலமும் ஒரே குடும்பத்து மரங்கள். தாவரவியலார் இதை 'புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா' என்றார்கள். ஜூலி யாரோ ஒரு பெண் என்று பள்ளியில் நாங்கள் நினைத்துக்கொண்டதுண்டு. பெண் யாருமில்லை, சரம் போல நீண்டு தொங்கும் பூங்கொத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் அது. 2022-இல் வகைப்பாட்டியலார் அந்தப் பேரினத்தையே பிரித்து, இதற்கு 'நெல்டுமா ஜூலிஃப்ளோரா' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெயர் மாறிய செய்தி எங்கள் ஊர் விறகுக் கட்டுகளுக்கு இன்னும் எட்டவில்லை.

ஒரு மரத்துக்கு யார் பெயர் வைக்கிறார்கள், அந்த மரத்தோடு யார் உழைக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

ஊர்விட்டு ஊர் போன சொல்

அல்கரோபா ஸ்பெயினில் பிறந்த சொல் அல்ல. அரபியில் 'அல் கர்ரூபா'. ஸ்பெயினின் பெரும்பகுதி பல நூற்றாண்டுகள் முஸ்லிம் அரசர்களின் ஆட்சியில் இருந்தபோது நூற்றுக்கணக்கான அரபுச் சொற்கள் அங்கே வேர்விட்டன. முன்னால் ஒட்டியிருந்த 'அல்' என்ற சுட்டும் சொல்லோடு சேர்ந்தே போனது. பருத்திக்கு அல்கொதோன் என்று ஸ்பானியர்கள் சொல்வதும் அப்படித்தான்.

அந்தச் சொல் முதலில் குறித்தது மத்தியதரைக் கடலோரத்து மரம் ஒன்றை. கரும்பழுப்பு நிறத்தில் இனிப்பான நீண்ட காய் காய்க்கும். ஏழைகளும் கால்நடைகளும் தின்று பசியாறிய காய் அது. ஞாயிற்றுப் பள்ளிக்குப் போனவர்களுக்குக் கெட்ட குமாரன் கதை தெரியும். பசியில் அவன் பன்றித்தீனிக்கு ஆசைப்பட்டானே, கிரேக்க மூலத்தில் அந்தத் தீனி இந்தக் காய்தான். தமிழ் வேதாகமத்தில் அது தவிடாகிவிட்டது. மொழிபெயர்த்தவர்கள் நம் பன்றிகள் எதைத் தின்னும் என்று பார்த்துச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். தெரியாத காய்க்குத் தெரிந்த தீனியின் பெயர். இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க அதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

இந்தக் காயின் விதைக்குக் கிரேக்கத்தில் 'கெராத்தியோன்', சிறு கொம்பு என்று பொருள். அரபியில் அது 'கீராத்' ஆனது. விதைகளை எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். ரோமானியரின் பொற்காசு ஒன்று 24 விதை எடை. அந்தக் கணக்கிலிருந்துதான் சுத்தத் தங்கம் 24 கேரட். சிவகாசி கடைவீதியில் 22 கேரட், 916 என்று பார்த்து வாங்கும் நகையிலும், பெண் பார்க்க வந்த வீட்டில் 'எத்தனை பவுன்' என்று கேட்கும் கேள்விக்குப் பின்னாலும் அந்தக் காயின் விதை ஒளிந்திருக்கிறது. பெண்ணை எடைபோடும் தராசுக்குள் ஓர் ஏழைக்காய்.

விருந்தாளி வைத்த பெயர்

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அமெரிக்காவுக்குள் ஆயுதங்களோடு நுழைந்தார்கள். அங்கே முள் நிறைந்த, இனிப்புக் காய் காய்க்கும் மரங்களைப் பார்த்தார்கள். ஊரில் பார்த்த காயைப் போல இருந்ததால் அல்கரோபோ என்றார்கள். அந்த மரங்களுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. மெக்சிகோவின் நவாட்டில் மொழியில் 'மிஸ்கித்ல்'. அதுதான் ஸ்பானியத்தில் மெஸ்கீத்தே ஆகி, ஆங்கிலத்திலும் நுழைந்தது. பெருவின் தென்பகுதியில் ஹுவராங்கோ. அந்தப் பெயர்கள் சில இடங்களில் பிழைத்தன, சில இடங்களில் அல்கரோபோவுக்குள் மூழ்கின. போர்ட்டோ ரீகோவில் அதே அல்கரோபோ என்ற பெயரை முற்றிலும் வேறான ஒரு காட்டு மரத்துக்கு வைத்தார்கள். பார்த்த காய் தடித்து நீண்டிருந்தால் போதும், ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அந்தக் காயை உணவாக மாற்றிய அறிவு பெயர் வைத்தவர்களிடம் இல்லை. அது பெரும்பாலும் அங்கிருந்த பெண்களிடம் இருந்தது. அர்ஜென்டினாவின் வடக்கில் உலர்ந்த அல்கரோபாவை இடித்துச் சலித்து, மாவை அழுத்தி 'பத்தாய்' என்ற இனிப்பு அடை செய்கிறார்கள். ஊறவைத்துப் புளிக்கவைத்தால் 'அலோஹா' என்ற பானம். பெருவில் காயை வேகவைத்து வடித்துச் சுண்டக் காய்ச்சினால் கருப்பட்டிப் பாகு போல 'அல்கரோபினா'. மெக்சிகோவின் சொனோரா கடற்கரையில் வாழும் கோம்காக் மக்களின் மொழியில் மெஸ்கீத்தே காயின் வளர்ச்சிப் படிகளுக்கு மட்டும் எட்டுப் பெயர்கள் இருந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எந்தப் படியில் கசக்கும், எந்தப் படியில் இடிக்கலாம், எந்தப் படியில் சேமிக்கலாம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் எட்டுப் பெயர்கள் தேவைப்படும். நம் பாட்டிகளுக்குத் தேங்காயில் குரும்பை, இளநீர், வழுக்கை, நெற்று என்று தனித்தனிப் பெயர்கள் தேவைப்பட்டதைப் போல.

பெயர் வைத்தவனுக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. பொறுக்கியவளுக்கு எட்டுச் சொல் வேண்டியிருந்தது.

சீமையிலிருந்து வந்தது

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருசப் பஞ்சம் தின்றது. அந்த ஆண்டுகளில்தான் இந்த மரம் இங்கே வந்தது. மாகாணத்தின் காட்டிலாகாவுக்குத் தலைமை வகித்த பெட்டோம், வறண்ட மாவட்டங்களில் நடுவதற்கு இதன் விதையைத் தருவிக்கும்படி 1876-இல் அரசுக்கு எழுதினார். 1877-இல் விதை வந்தது. கடப்பா மாவட்டத்துக் கமலாபுரத்தில் நட்டார்கள். பின்னர் 1882-இல் சென்னை மாகாண வனச்சட்டம் வந்து, பொதுக்காடுகள் ஒதுக்குக் காடுகளாயின. தலைச்சுமை விறகுக்காகக் காட்டுக்குள் போனவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். ஒரு கையால் காட்டைப் பூட்டிய அரசு, இன்னொரு கையால் தரிசில் விறகு மரத்தை நட்டது.

எங்கள் பக்கத்தில் வேறொரு கதை சொல்வார்கள். விருதுநகரில் பிறந்த காமராசர்தான் முதலமைச்சராக இருந்தபோது ஏழைகளுக்கு விறகு வேண்டுமே என்று வெளிநாட்டிலிருந்து விதை தருவித்துத் தூவினார் என்று. அவர் முதல்வரானது 1954-இல். மரம் வந்ததோ அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே. ஆனாலும் இந்தக் கதை ஏன் இவ்வளவு உறுதியாக நிலைத்தது என்று யோசிக்கிறேன். அடுப்பெரிக்க விறகு தந்த ஒன்றை, மதிய உணவு தந்த ஒருவரின் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள். அது நன்றியின் கதை. பின்னாளில் மரத்தின் மீது கோபம் வந்தபோது அதே கதையைக் குற்றச்சாட்டாகத் திருப்பிச் சொன்னவர்களும் உண்டு.

பெயருக்கு வருவோம். நம்மூரில் ஏற்கெனவே கருவேலம் இருந்தது. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்ற பழமொழியில் இருக்கும் வேல். வந்த மரம் அதைப் போல முள்ளும் நெத்துமாக இருந்ததால் சீமைக்கருவேல் என்றார்கள். தெலுங்கில் சர்க்கார் தும்மா, இந்தியில் விலாயத்தி பபூல், கன்னடத்தில் பள்ளாரி ஜாலி. எல்லாமே உள்ளூர் மரத்தின் பெயர், முன்னால் ஓர் அடையாளச் சீட்டு.

ஸ்பானியர்கள் செய்ததும் இதுவும் ஒன்றுபோலத் தெரியலாம். ஒன்றல்ல. அங்கே விருந்தாளி வீட்டுக்காரனுக்குப் பெயர் வைத்தான். இங்கே வீட்டுக்காரர்கள் விருந்தாளிக்குப் பெயர் வைத்து, 'நீ வெளியிலிருந்து வந்தது' என்று நெற்றியில் எழுதினார்கள். சீமை என்ற சொல்லுக்கும் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் அது எல்லையையும் நாட்டுப்பகுதியையும் குறித்தது. சேதுபதி சீமை, சிவகங்கைச் சீமை என்று நம் மண்ணையே அப்படித்தான் சொன்னோம். வெள்ளைக்காரன் வந்தபின் சீமை என்றால் இங்கிலாந்து, சீமையெண்ணெய் என்றால் மண்ணெண்ணெய். நம் ஊர் என்ற பொருளில் இருந்த சொல் அயலூர் என்ற பொருளுக்குப் போய்விட்டது.

வாழ வந்த பெண்களை எங்கள் பக்கத்தில் பிறந்த ஊரின் பெயரால்தான் அழைப்பார்கள். நாற்பது வருடம் இங்கே உழைத்துப் பேரன் பேத்தி எடுத்தவளும் சாகும்வரை 'சாத்தூர்க்காரி'தான். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த மரம் சீமைக்கருவேல்தான் என்று கேட்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வருகிறது.

காத்தானும் நெத்தும்

தமிழில் மரம் செடி கொடியெல்லாம் அஃறிணை. ஆண்பால், பெண்பால் கிடையாது. பனையில் மட்டும் ஆண்பனை, பெண்பனை பிரிப்போம்; அது இயற்கை. ஸ்பானியனைப் போல நாம் மரத்துக்குப் பால் ஒட்டுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த மரத்துக்கு இன்னொரு பெயர் உண்டே: வேலிகாத்தான். காத்தான் என்றால் ஆண்பால். வயலைக் காவல் காக்கும் வேலியாக நிற்பதால் அவன் காத்தான். அதன் உலர்ந்த காய்க்குப் பெயர் நெத்து. ஆட்டுக்காகவும், இனிப்புக்காகக் கடித்துச் சப்பவும் அதைப் பொறுக்கியது நாங்கள். கடல்கடந்து ஓர் இலக்கணம் வந்து ஒட்டிக்கொண்டதைப் போல இருக்கிறது.

சொல்லில் இல்லாத பால்வேறுபாட்டை நாம் கூலியில் வைத்தோம். எங்கள் ஊர்ப்பக்கம் விறகு வேலைக்குப் போகும் ஒரு மூத்த பெண்மணி என்னிடம் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். "ஆம்பளைக்கு வெட்டுக்கூலி, எங்களுக்குப் பொறுக்குக்கூலி, அம்புட்டுத்தான் தாயி." அரிவாளும் கோடரியும் பிடித்தால் வெட்டு. அதை முள் கழித்து, இழுத்து, அடுக்கி, கட்டுக்கட்டித் தலையில் தூக்கினால் அது பொறுக்கல். முள் குத்துவது என்னவோ பெரும்பாலும் பொறுக்குகிறவளுக்குத்தான். குத்தின இடம் வீங்கி இரண்டு நாள் கடுக்கும்.

கரிமூட்டத்திலும் இதே இலக்கணம். வெட்டிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, மண் பூசி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனியவிடுவார்கள். எங்காவது ஓட்டை விழுந்து தீ பற்றினால் மொத்தமும் சாம்பல். அதனால் இரவும் காவல் இருக்க வேண்டும். அடுக்குவது ஆண், தண்ணீர் சுமப்பது பெண். பிரித்த பிறகு பெரிய துண்டு, சின்னத் துண்டு, தூள் என்று சலித்துச் சாக்கில் அள்ளுவதும் பெண். விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் மழை பொய்த்த ஆண்டுகளை இந்தக் கரியால் கடந்தன. முன்பணம் வாங்கி, கரிமூட்டத்திலேயே கொத்தடிமையாகச் சிக்கி, அதிகாரிகளால் மீட்கப்பட்ட குடும்பங்களும் தமிழ்நாட்டில் உண்டு. இந்த மரத்தைப் புகழ்வதற்கு இதை எழுதவில்லை.

நாரணாபுரத்தில் கரி என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு: பழைய கருமருந்தின் கணக்கு இது. பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்ணின் விரலிடுக்கில் படிவதும் கருப்பு, கரிமூட்டத்துப் பெண்ணின் நகக்கண்ணில் படிவதும் கருப்பு. 1923 வாக்கில் இங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கி, பின் பட்டாசு வளர்ந்ததற்கு மழை குறைந்த இந்த வறண்ட வானமும் ஒரு காரணம். அதே வறட்சிதான் அந்த மரத்தையும் வளர்த்தது. ஒரே வறட்சியின் இரண்டு விளைச்சல்கள். மழைக்காலத்தில் பட்டாசு வேலை நின்றால் விறகுக்குப் போவதும், ஆலை திறந்தால் குழாய் உருட்டவும் திரி வைக்கவும் திரும்புவதும் பல பெண்களின் ஆண்டுக்கணக்கு. எந்த ஆவணத்திலும் இந்த இரண்டும் ஒரே ஆளின் வேலையாகப் பதிவாவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் கழிப்பறை இல்லாத தலைமுறைப் பெண்களுக்கு இந்தப் புதர்தான் மறைப்பு. இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, பாம்புக்கும் ஆண்களின் கண்ணுக்கும் பயந்து ஒதுங்கிய இடம். காத்தான் வேலியை மட்டும் காக்கவில்லை. சமயத்தில் எங்களையும் காத்தான், சமயத்தில் எங்களைத் தொல்லை செய்தவர்களையும் மறைத்தான்.

மலடு என்ற வசை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றியது; இன்றும் சுற்றுகிறது. இந்த மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், இதில் கட்டிவைத்த மாடு மலடாகிவிடும், இது அந்நியச் சதி என்று. இந்த மரம் நீர்நிலைகளை அடைத்துக்கொள்வதும், ஆழ வேர்விட்டு நீர் எடுப்பதும், கீழே வேறு செடியை எளிதில் வளரவிடாததும் உண்மை. அறிவியலார் பதிவு செய்திருக்கிறார்கள். கென்யாவில் இதன் இனிப்பு நெத்தைத் தின்று பல் கொட்டிய ஆட்டை ஊர்மக்கள் நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். ஆனால் மாடு மலடாவது கட்டுக்கதை. ஒன்றை வெறுக்க வேண்டுமென்றால் நம் சமூகத்துக்கு முதலில் வாயில் வரும் சொல் மலடு. பிள்ளை பெறாத பெண்ணைச் சபைக்கு வரவிடாமல் ஒதுக்கப் பயன்பட்ட அதே சொல்லை எடுத்து ஒரு மரத்தின் மீது எறிந்திருக்கிறார்கள். ஊர் முழுக்க மண்டும் அளவுக்குக் காய்த்துத் தள்ளும் மரத்துக்கு மலடு பரப்பும் பட்டம்.

இதே குடும்பத்தில் நம் மண்ணுக்கே உரிய ஒரு மரம் இருக்கிறது, வன்னி. கோவில்களில் தலவிருட்சமாக நிற்பது. லின்னேயஸ் புரோசோபிஸ் என்ற பேரினத்தை அமைத்ததே இந்திய வன்னியை வைத்துத்தான். 2022-இன் பிரிப்புக்குப் பின்னும் அந்தப் பெயர் வன்னியோடு இருக்கிறது. அமெரிக்க உறவுகள்தான் வெளியேற்றப்பட்டன. ராஜஸ்தானில் வன்னிக்குக் கேஜ்ரி என்று பெயர். 1730-இல் ஜோத்பூர் அரசன் ஆட்கள் கேஜ்ரியை வெட்ட வந்தபோது பிஷ்னோய் சமூகத்தின் அம்ரிதா தேவி மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டார். அவரையும் சேர்த்து 363 பேர் உயிர்கொடுத்ததாக அந்த மக்கள் நினைவுகூர்கிறார்கள். ஒரு பெண் ஒரு மரத்துக்கு என்னவாக இருக்கிறாள் என்று கேட்டால் நம் பாடநூல்கள் அவரைச் சொல்லும். கட்டிப்பிடித்தவள் வரலாற்றில் இருக்கிறாள். கட்டுக்கட்டியவள் இல்லை.

யாரைக் கேட்டார்கள்

2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, விருதுநகர் உள்ளிட்ட மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. இயந்திரங்கள் வந்தன. மாணவர்களை அழைத்துப்போய் வெட்டவைத்துப் படம் எடுத்தார்கள். சில மாதங்களில் சென்னையிலிருந்து இடைக்காலத் தடை வந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்டெடுக்க ஒரு கொள்கையே வெளியிட்டது. கண்மாய் மீள வேண்டும், நாட்டு மரங்கள் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

என் கேள்வி வேறு. மரத்தை ஏலம் விட்டால் பணம் எங்கே போகிறது? எரிவாயு உருளை தீர்ந்து, அடுத்ததற்குப் பணம் சேரும்வரை அடுப்பெரிக்க விறகு எங்கிருந்து வரும்? பட்டாசு ஆலை மூடியிருக்கும் மாதங்களில் பொறுக்குக்கூலிக்குப் பதில் என்ன கூலி? வெட்டிய இடத்தில் நட வேண்டியது நிழல் மரமா, தீவனமா, விறகா என்று ஆட்டுக்காரப் பெண்களிடம் கேட்டார்களா? நன்மை தீமை பட்டியல் போடுகிற கூட்டங்களில் நீர்மட்டம் பேசும், மண் பேசும், சட்டம் பேசும். நெத்துப் பொறுக்கியவள் பேசியதாக ஒரு வரியும் நான் படித்ததில்லை.

மரம் கொண்டுவந்தவர்களும் பெயர் வைத்தவர்களும் அகற்ற ஆணையிட்டவர்களும் பெரும்பாலும் ஆண்கள். இடைப்பட்ட நூற்றைம்பது ஆண்டுகள் அதோடு வாழ்ந்தது பெண்கள். எந்தப் பருவத்து நெத்து ஆட்டுக்கு ஒத்துக்கொள்ளும், எந்தக் கட்டை புகையாமல் எரியும், மூட்டத்தின் புகை நிறம் மாறினால் உள்ளே என்ன நடக்கிறது, குத்திய முள் உடைந்து உள்ளே தங்கிவிட்டால் என்ன செய்வது: இதெல்லாம் ஓர் அறிவுத்தொகுதி. கோம்காக் மக்களின் எட்டுப் பெயர்களை யாரோ உட்கார்ந்து கேட்டு எழுதியதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. நம் மாவட்டத்தில் அப்படி எழுதப்படுவதற்குள் மரமும் போய்விடும், அந்தத் தலைமுறைப் பெண்களும் போய்விடுவார்கள்.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கிராமத்தில் அடுத்த கிராம சபையில் கருவேலம் அகற்றும் தீர்மானம் வந்தால், அதற்கு முந்தைய வாரம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு விறகுக்கும் கரிக்கும் போன பெண்களிடம் போய் உட்காருங்கள். அவர்கள் சொல்லும் சொற்களை அவர்கள் சொல்கிற விதத்திலேயே எழுதுங்கள். கூலியையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அந்த நோட்டோடு அவர்களையும் சபைக்கு அழைத்துப் போங்கள்.